காதுகுத்து கேசட்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று புகை விட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், துவரம் பருப்புக் கிடங்காக இருந்து கல்லூரியாகப் பதவி உயர்வு பெற்ற கட்டடம் ஒன்று உண்டு. பெயர் ராமசெல்வி கலை அறிவியல் கல்லூரி. ராமசெல்வி என்பவர் நிறுவனரும் தாளாளருமான இசக்கிப்பாண்டியின் மனைவி. வகுப்பறைகளில் ஜன்னல் கிடையாது. மூட்டைகளுக்கு ஜன்னல் தேவைப்பட்டதில்லை, மாணவர்களுக்கும் தேவைப்படாது என்பது நிர்வாகத்தின் கருத்து. மணலிப் பக்கமிருந்து வரும் நாற்றம் உள்ளே வராமலிருப்பது இதனால்தான் என்று கல்லூரியின் விளம்பரக் கையேடும் பெருமைப்பட்டுக்கொண்டது.

இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தடுக்கி விழுந்த இடமெல்லாம் விஸ்காம் என்ற காட்சி ஊடகப் படிப்பு முளைத்தது. இசக்கிப்பாண்டியும் ஒன்றைத் தொடங்கினார். துறைத் தலைவர் டாக்டர் பட்டம் வாங்கியவராக இருக்கவேண்டும் என்று பல்கலைக்கழகம் சொன்னதால் வியாசர்பாடியிலிருந்து யசோதரா நேர்முகத் தேர்வுக்கு வந்தாள்.

"யசோதரான்னா எந்தப் பக்கத்துப் பேரும்மா?" என்றார் இசக்கிப்பாண்டி. கேட்கவேண்டியதை நேராகக் கேட்காமல் கேட்பதில் அவர் கெட்டிக்காரர்.

"புத்தரோட மனைவி பேரு சார்."

"ஓ, அந்த விட்டுட்டுப் போன ஆளா" என்று அவர் அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார். "சினிமாவுல டாக்டருக்குப் படிச்சிருக்கீய. படம் புடிக்கத் தெரியும்லா?"

"நான் படம் பாக்கறவங்களப் பத்தி ஆராய்ச்சி பண்ணியிருக்கேன் சார்."

"பாக்கறதுக்கு என்னம்மா ஆராய்ச்சி? கண்ணு இருக்கவன் பாக்கான். கேமரா தூக்கத் தெரியுமா, அதச் சொல்லுங்க."

தெரியும் என்றாள். ஆராய்ச்சிக்காகவே பழைய வி.எச்.எஸ். கேமரா ஒன்றைத் தோளில் சுமந்து அலைந்தவள்தான். வேலை கிடைத்தது. எதற்கு என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

அவள் ஆராய்ச்சி கெங்கம்மாவைப் பற்றியது. கெங்கம்மா வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் யசோதராவுக்கு அடுத்த வீடு. காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவள். புதுப்படம் வந்தால் கொட்டகைப் பெண்கள் எல்லோராலும் முதல் நாளே போக முடியாது. ஆகவே கெங்கம்மாவை அனுப்புவார்கள். அவள் பங்கு இறாலை மற்றவர்கள் உரித்துப் போடுவார்கள். அவள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் வேலை நடக்கும்போது பாட்டு, சண்டை, பின்னணி இசை எல்லாவற்றோடும் சொல்லவேண்டும். இதுதான் ஏற்பாடு.

அவள் சொன்ன கதைகளுக்கும் திரையில் ஓடிய கதைகளுக்கும் நடுவில் போகப்போக இடைவெளி விழுந்தது. படத்தில் அண்ணன் தங்கையை மன்னித்தால், கெங்கம்மா சொல்லும்போது தங்கை அண்ணனை மன்னிக்கமாட்டாள். படத்தில் செத்துப்போகும் விதவை கெங்கம்மாவிடம் வந்ததும் இட்லிக்கடை போட்டுப் பிழைத்துக்கொள்வாள். கொட்டகைப் பெண்கள் பிற்பாடு தியேட்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு, படத்தைத் தப்பாக எடுத்திருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டு வந்தார்கள். இப்படி யாருமே எடுக்காத படங்கள் எத்தனையோ அவள் வாயில் இருந்தன. யசோதரா அவளை உட்காரவைத்துச் சொல்லச் சொல்லி, பெட்டி நிறைய கேசட்டில் பதிவு செய்திருந்தாள்.

வி.எச்.எஸ். கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் உண்டு. அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. யசோதரா எல்லாப் பல்லையும் உடைத்துவிட்டு நிம்மதியாக இருந்தாள். ஆனால் மழைக்காலத்தில் ஹவுசிங் போர்டில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர் ஏறும், கேசட்டில் பூஞ்சை பிடிக்கும். கல்லூரியில் ஏ.சி. போட்ட ஒரே அறை அவளுடைய துறையின் எடிட்டிங் அறை. பெட்டியை அங்கே கொண்டுபோய் இரும்பு பீரோவில் வைத்தாள். முதல்வர் டாக்டர் தங்கபுஷ்பம் அதைப் பார்த்து மிகவும் மகிழ்ந்து, பீரோவின் மேல் 'ஊடக ஆய்வுக் காப்பகம்' என்று பலகை அடிக்கச் சொன்னார்.

துறையின் முதல் கேமரா வேலை, தாளாளரின் மருமகன் வாங்கிய லாரிக்குப் பூசை. யசோதரா முதல்வரிடம் போய், வகுப்பு இருக்கிறதே என்றாள்.

"மேடம், இதுதான் வகுப்பு" என்றார் தங்கபுஷ்பம். "பாடத்திட்டத்தில் கள ஒளிப்பதிவு என்று ஒரு தாள் இருக்கிறது. களம் தேடி வெளியே போனால் கல்லூரி பஸ் வைக்கவேண்டும், டீசல் போடவேண்டும். நிறுவனர் வீட்டில் களம் தயாராக இருக்கிறது, மதியம் சாப்பாடும் உண்டு. கல்வியைச் சமூகத்துக்குக் கொண்டுபோவது நம் லட்சியம். நிறுவனர் குடும்பமும் சமூகம்தானே."

அதற்குப் பிறகு கால அட்டவணையைத் தயாரித்தது பஞ்சாங்கம்தான். முகூர்த்த நாட்களில் செய்முறைத் தேர்வு. ஆடி மாதம் முழுக்கக் கோட்பாட்டு வகுப்பு, ஏனென்றால் ஆடியில் விசேஷம் கிடையாது. தாளாளரின் இளைய மகளுக்கு வளைகாப்பு நடந்தபோது இரண்டாமாண்டு மாணவர்கள் ஒளியமைப்புக்கு மதிப்பெண் வாங்கினார்கள். தம்பி மகளின் பூப்புனித நீராட்டு விழாவில் க்ளோசப்புக்கு வாங்கினார்கள். பந்தியில் இலைக்கு இலை நகர்ந்து, மென்றுகொண்டிருப்பவர் வாய்க்கு நேரே கேமராவை நிறுத்தி, அவர் வெட்கப்பட்டுச் சிரிக்கும்வரை காத்திருக்கும் அந்தக் கேவலமான ஷாட்டுக்கு 'பங்கேற்பு உற்றுநோக்கல்' என்று முதல்வர் பெயர் வைத்தார். யசோதரா உலக சினிமா பற்றி நடத்தவேண்டிய பாடம் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போனது. அடுத்த பருவத்தில் இரண்டு கல்யாணம் வந்தது.

"எல்லாம் கொஞ்ச நாள்தான்" என்று அவள் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். வியாசர்பாடியில் முதன்முதலாகச் சினிமாவில் டாக்டர் பட்டம் வாங்கியவள் அவள். வேறு கல்லூரி எதுவும் கூப்பிடவுமில்லை.

பிறகு தாளாளரின் பெரியண்ணன் ராயபுரம் வீட்டில் இறந்துபோனார். காலையில் துறைக்கு ஆள் வந்தது. யசோதரா மாணவர்களோடும் உதவியாளர் ரஷீதோடும் போய்ச் சேர்ந்தாள். பாடையைத் தூக்கி வாசலைத் தாண்டும் நேரத்தில் கேமராவின் பேட்டரி தீர்ந்துவிட்டது. வேறு பேட்டரி மாட்டுவதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டார்கள். இசக்கிப்பாண்டி திரும்பிப் பார்த்தார்.

"எடுத்தீயளா?"

"இல்ல சார். பேட்டரி..."

"அப்ப திரும்ப உள்ள கொண்டு போங்கல" என்றார் தூக்கியவர்களிடம். "அண்ணன் என் தோள்ல வாறது பதிவாகலன்னா நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாவ? ஒரு தடவ சேர்த்துத் தூக்குனா என்ன, அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

பிணம் வீட்டுக்குள் திரும்பப் போனது. மறுபடி வாசலில் வந்தது. இரண்டாம் முறை தாளாளர் முதல் முறையைவிட நன்றாக அழுதார். ஃபோகஸ் லைட்டை உயரப் பிடித்திருந்த மாணவிக்கு வியர்த்து ஊற்றியது. அதை அழுகை என்று நினைத்துக் குடும்பத்தார் மெச்சிக்கொண்டார்கள். வீடியோ மிக்ஸிங்கில் ரஷீதிடம் இருந்ததெல்லாம் கல்யாண டிசைன்கள்தான். ஆகவே பெரியண்ணனின் முகத்தின் மேல் ரோஜா இதழ்கள் கொட்டின, ஓர் இதயம் விரிந்து அதற்குள் பாடை நகர்ந்தது. வீட்டார் பார்த்துவிட்டு ரொம்ப அழகாக வந்திருக்கிறது என்றார்கள். தங்கபுஷ்பம் துயர நிகழ்வு என்பதால் அகமதிப்பீட்டில் ஆளுக்கு ஐந்து மதிப்பெண் கூட்டிப் போடச் சொன்னார்.

யசோதரா அன்று வீட்டுக்கு வந்ததும் இரண்டு தடவை குளித்தாள். ஒரு பிணத்தை இரண்டு தடவை வீட்டைவிட்டு வெளியேற்றியதற்குத் தானும் ஒரு கை கொடுத்திருக்கிறோம் என்ற அருவருப்பு போகவில்லை.

அந்த வருடம் கெங்கம்மாவின் தொண்டையில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்தார்கள். கூடவே குரலும் போனது. கழுத்தில் இருந்த துளையை ஈரத்துணியால் மூடிக்கொண்டு, யாராவது ஏதாவது கேட்டால் எவர்சில்வர் டம்ளரில் விரலால் தட்டிப் பதில் சொன்னாள். ஒரு தட்டு ஆமாம். இரண்டு தட்டு இல்லை. பேசியே தெருவைக் கட்டி ஆண்டவள் டம்ளரைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க யசோதராவுக்குத் தாங்கவில்லை.

அதே சமயம் ஒரு பதிப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஆய்வேட்டில் கெங்கம்மாவின் கதைகள் துண்டு துண்டாகத்தான் இருந்தன. அவற்றை முழுதாக, அவள் சொன்ன பேச்சிலேயே எழுதிக்கொடுத்தால் புத்தகமாகப் போடலாம் என்றார்கள். யசோதரா வீட்டுக்கு ஓடி கெங்கம்மாவிடம் சொன்னாள். கெங்கம்மா டம்ளரை ஒரு தடவை தட்டினாள். பிறகு நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் பீரோவைத் திறந்தபோது பெட்டி இருந்தது. கேசட்டுகளும் வரிசையாக இருந்தன. 'கெங்கம்மா' என்று அவள் எழுதி ஒட்டிய தாள்களின் மேல் வேறு தாள்கள் ஒட்டியிருந்தன. லாரி பூசை, அழிக்கக் கூடாது. வளைகாப்பு, அழிக்கக் கூடாது. பெரியண்ணன் இறுதி யாத்திரை, அழிக்கக் கூடாது. ஒவ்வொன்றாக டெக்கில் போட்டுக் கடைசிவரை ஓட்டினாள். பந்தி, மாலை, பாடை, பந்தி. கெங்கம்மா எதிலும் இல்லை.

ரஷீதைக் கூப்பிட்டாள்.

"புது கேசட்டு கேட்டேன் மேடம். பீரோல சும்மாதான கெடக்குது, அத எடுத்துக்கன்னு முதல்வர் மேடம் சொல்லிட்டாங்கோ" என்றான் அவன். "எடுத்தா எல்லாத்துலயும் பல்லு ஒடஞ்சி கெடந்துச்சி. எவனோ பேஜாரு புடிச்சவன் ஒடச்சி வெச்சிகீறான்னு நான்தான் செல்லோடேப் ஒட்டி ரெடி பண்ணேன். எடுத்து முடிச்சதும் டேப்ப பிச்சிடுவேன் மேடம். தாளாளர் வூட்டு விசேசம் அழிஞ்சிடக் கூடாதுல்ல."

அவன் பெருமையாகத்தான் சொன்னான். பழுதைச் சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த அவனிடம் கோபப்பட அவளால் முடியவில்லை. விஷயத்தை எடுத்துச் சொன்னதும் அவன் ஒரு கேசட்டின் தாளை நகத்தால் உரித்து, அடியில் இருந்த பெயரைப் பார்த்தான்.

முதல்வர் அவளை உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார்.

"நஷ்டம் என்று ஏன் பார்க்கிறீர்கள்? உங்கள் கேசட்டில் ஒரே அம்மா, ஒரே சுவர், ஒரே கோணம். இப்போது அதே கேசட்டில் எத்தனை முகம், எத்தனை வண்ணம். ஆய்வு என்பது வளரவேண்டும் மேடம். அதுவுமில்லாமல், அந்த அம்மா பேசுவதை நானும் கொஞ்சம் கேட்டேன். கலீஜாகத்தான் இருந்தது. தரக் குழு வரும் நேரத்தில் அதையா போட்டுக் காட்டுவோம்? காட்டுவதற்கென்றே ஒரு கேசட்டை என் அறையில் பூட்டி வைத்திருக்கிறேன். நம் தாளாளர் பேத்தியின் காதுகுத்து. ரஷீது அதில் உயிரைக் கொடுத்திருக்கிறான்."

யசோதரா காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தாள். வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். விட்டால் கேசட் திரும்ப வராது என்றும் நினைத்தாள். கெங்கம்மாவிடம் இதை எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல், ஒவ்வொரு நாளும் இருட்டும்வரை கல்லூரியிலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

கல்லூரியின் தரத்தை அளக்கும் குழு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் வரவேண்டியவர்கள் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு மதியம்தான் வந்தார்கள். வரவேற்ற மாணவிகளின் கையிலிருந்த பன்னீர் அதற்குள் காய்ந்துபோயிருந்தது. குழுத் தலைவர் திரைப்படக் கோட்பாட்டில் பெரிய பேராசிரியர். படங்களைப் பார்த்துக் களைத்து, இப்போது படங்களைப் பற்றி எழுதியவற்றை மட்டும் பார்ப்பவர். அவரை 'ஊடக ஆய்வுக் காப்பக'த்தின் முன் உட்காரவைத்து, முதல்வர் தன் கையாலேயே காதுகுத்து கேசட்டை டெக்கில் போட்டார்.

குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை வீறிட்டது. அந்த வீறிடும் வாயை ரஷீது நிறுத்தி, நான்காகப் பெருக்கி, சுழலவிட்டு, நட்சத்திரம் தூவியிருந்தான். பிறகு பந்தி. பிறகு தாளாளர் கும்பிட்டார். 'நன்றி, வணக்கம்' என்று எழுத்து வந்து போனது. தங்கபுஷ்பம் கைதட்டத் தொடங்கினார்.

கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் புள்ளிகள் குதித்தன. அதற்குப் பின் சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு சுவர் தெரிந்தது, அதன் முன்னால் வெற்றிலை போட்ட வாயோடு கெங்கம்மா.

"...அத்தோட படம் முடிஞ்சி பூட்ச்சின்னு லைட்ட போட்டாங்கோ. எல்லாரும் எய்ந்து போறாங்கோ. நான் எய்ந்துக்கல. அவ ஏன் சாவணும்? கொயாத் தண்ணிக்கி அம்மாம் சண்ட போட்டு நின்னவளுக்கு மலை மேலேர்ந்து குதிக்க இன்னாடி வந்துச்சி? எனக்கு மன்சே ஆவல. அத்தொட்டு நான் இன்னா பண்ணேன்னா..."

கேசட் தீர்ந்துவிட்டது. யசோதரா டெக்கின் பக்கம் வந்து நின்றாள்.

"அபாரம்" என்றார் குழுத் தலைவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொண்டாட்டத்தின் இரைச்சல், பிறகு துண்டிப்பு, பிறகு விளிம்பிலிருந்து ஒரு முடிவுறாத குரல். யார் செய்த படத்தொகுப்பு இது?"

"சார், இது படத்தொகுப்பு இல்ல" என்றாள் யசோதரா. "கேசட் முழுக்க இவங்கதான் இருந்தாங்க. இவங்க மேலதான் காதுகுத்த எடுத்திருக்காங்க. அழிச்சிட்டாங்க சார்."

"அதைத்தான் சொல்கிறேன். அழிப்பு. மேல்தட்டுச் சடங்கு அடித்தட்டு நினைவின் மீது எழுதப்படுகிறது. அழிப்பின் அரசியலை இவ்வளவு நேரடியாக யாரும் காட்டியதில்லை."

"இல்ல சார், நெஜமாவே அழிஞ்சிட்டுது. இவங்களால இனிமே பேச முடியாது. குரல் போயிட்டுது."

"குரலின்மை" என்று குழுத் தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவர் குறித்துக்கொண்டார். "ஆசிரியரே தன் படைப்பை இப்படிக் கோட்பாட்டு ரீதியாக விளக்குவது இந்த ஊரில் அபூர்வம். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன் மேடம். அந்த அம்மா வாக்கியத்தை முடிக்காமல் விட்டதுதான் இதன் சிறப்பு. முடித்திருந்தால் வெறும் கதையாகப் போயிருக்கும்."

யசோதரா அதற்குமேல் பேசவில்லை. பேசினால் அதையும் கோட்பாடாக்கிவிடுவார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மாலைக்குள் கல்லூரிக்கு முதல் தரம் கிடைத்தது. யசோதரா பேராசிரியராக உயர்த்தப்பட்டாள். படத்தை டில்லிக்கு அனுப்பச் சொல்லிவிட்டுக் குழு கருவாட்டுப் பொட்டலங்களோடு கிளம்பியது. திங்கட்கிழமை பாராட்டு விழா, அதில் அந்தப் படத்தைத் திரையிடவேண்டும், விழாவைத் துறையே படம் பிடிக்கவேண்டும் என்று அறிவிப்பும் வந்தது. இசக்கிப்பாண்டி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரொம்ப சந்தோசம்மா. டில்லிக்குப் போறதுக்கு முன்னால கடைசில வருதே ஒரு பொம்பள, அத வெட்டிருங்க. நல்ல காரியத்துல சாவு, கீவுன்னு பேசுது. நம்ம வீட்டு விசேசத்துல அது யாரு? வெட்டுன பொறவு காப்பி போட்டுக்கிடலாம்."

"இருக்கறது இந்த ஒரு கேசட்தானே சார்?"

"ஆமா, பாத்து பத்திரமா வெட்டுங்க."

"சரி சார்" என்றாள்.

கேசட்டையும், திங்கட்கிழமைக்கு என்று கேமராவையும் பையில் வைத்துக் கொடுத்த ரஷீது, அவளைப் பார்க்காமல் ஒரு செல்லோடேப் உருளையையும் உள்ளே போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டு டெக்கில் அந்தக் கேசட் ஓடியது. கெங்கம்மாவைக் கூட்டிவந்து உட்காரவைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டுத்தான் போட்டாள். டி.வி. சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்துவிட்டார்கள். கொட்டகையில் கெங்கம்மாவோடு இறால் உரித்தவர்கள் அவர்களில் பாதிப்பேர்.

"இன்னாடி எய்வு இது" என்றாள் அவர்களில் ஒருத்தியான ஜெரினா. "கொயந்த துடிச்சிகினு கீது, இவனுங்கோ பல்ல காட்டிகினு நிக்கிறானுங்கோ."

தன் முகம் வந்ததும் கெங்கம்மா முன்னால் சாய்ந்தாள். தன் குரலைக் கேட்டபோது கழுத்துத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அத்தொட்டு நான் இன்னா பண்ணேன்னா. அவ்வளவுதான். திரை நீலமாகிவிட்டது.

"அப்பால?" என்றாள் ஜெரினா.

"அப்பால ஒண்ணுமில்லக்கா" என்றாள் யசோதரா. "அப்பால என்னைப் பேராசிரியர் ஆக்கிட்டாங்க."

கெங்கம்மா டம்ளரை எடுத்து இரண்டு தடவை தட்டினாள். யசோதராவை நேராகப் பார்த்து இன்னும் இரண்டு தடவை தட்டினாள். பிடிக்காத முடிவைச் சொன்ன படங்களை அவள் இப்படித்தான் பார்ப்பாள்.

"அந்தத் தண்ணிக்கொயா படந்தான?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "அவ குதிக்க மாட்டா. மலைலேர்ந்து எறங்கி வந்துருவா. இவதான் எங்களுக்குச் சொன்னா."

"எறங்கி வந்து அந்தத் தண்ணி வுடாத பஞ்சாயத்துக்காரன மலை மேல ஏத்திவுடுவா" என்றாள் ஜெரினா.

ஒரு தட்டு.

"இல்ல, மொதல்ல வூட்டுக்குப் போயி சோறு துன்னுட்டு அப்பால ஏத்துவா."

டம்ளர் ஒரு தடவை பலமாக ஒலித்தது. பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள்.

யசோதரா எழுந்து கேசட்டை வெளியே எடுத்தாள். பல் இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. செல்லோடேப்பைக் கிழித்து அதன்மேல் ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். கேசட்டைக் கேமராவில் போட்டு ஆரம்பத்துக்குச் சுற்றினாள்; கடைசியில் கெங்கம்மா வரும் இடத்துக்கு முன்னால் நிறுத்திக்கொண்டால் போதும். திங்கட்கிழமை தன் பாராட்டு விழாவில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பருப்புக் கிடங்கின் கதவு அதோடு மூடிக்கொள்ளும், வேறு கதவு திறக்குமா என்பது சந்தேகம்தான். இருந்தும் அந்த லாரி பூசை நாளுக்குப் பிறகு முதன்முறையாகக் கேமராவைத் தோளில் தூக்கும்போது அவளுக்கு அருவருப்பாக இல்லை.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க. கெங்கம்மா அத்தை தட்டினா நிறுத்தித் திருத்திச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். கேசட்டின் மேல் ஒட்டியிருந்த 'காதுகுத்து, அழிக்கக் கூடாது' என்ற தாளை அவள் கிழிக்கவில்லை.